நீலக் கசகசாவின் முதல் மொட்டு

மார்கழி 4

சொல்கிறவன் செவந்தான். எழுதுகிறவள் என் மருமகள் தமயந்தி. எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. சிலோனை விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறிய அன்று எனக்கு முன்னால் நின்றவன் சட்டையில் எத்தனை பொத்தான் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். மூன்று. அதில் ஒன்று வேறு நிறம்.

எழுதச் சொன்னவன் என் மகன் சீலன். பட்டாளத்தில் இருக்கிறான், வடகிழக்கே, போன் எடுக்காத ஒரு மலையில். "செடிக்கு எந்த நாள் என்ன ஆச்சுன்னு எழுதி வைங்கப்பா. லீவுல வந்து ஒரே மூச்சுல படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு வருசத்துக்கு முன் அவன்தான் கம்பளிக் காலுறைக்குள் விதை முடிந்து கொண்டுவந்தான். அங்கே பனி உருகுகிற பாறை இடுக்கில் வருகிற செடியாம். கசகசாவுக்குச் சொந்தம். பூ மட்டும் நீலம்.

"எந்த நீலம்டா? அவரைப்பூ நீலமா, வானத்து நீலமா?"

"சொன்னா விளங்காதுப்பா. நட்டுப் பாருங்க."

அவ்வளவுதான் சொன்னான். அன்று முதல் அந்த நீலம் எப்படி இருக்கும் என்று நினைப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. விதைக்குக் குளிர் பட வேண்டும் என்று ஈரத்துணியில் சுற்றிப் பிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாசம் வைத்தோம். முளைத்ததில் மழை ஒரு பங்கு தின்றது, நத்தை ஒரு பங்கு தின்றது. மிச்சம் மூன்று. இங்கே ஊட்டிப் பக்கத்தில், தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்கு அந்தண்டை, வெயில் எட்டாத மூலையில் நிற்கின்றன.

பெயர் எழுதிய அட்டை எனக்கு எதற்கு? ஒன்றின் பக்கத்தில் உடைந்த சீப்பைக் குத்தி வைத்திருக்கிறேன். அதற்கு இலையெல்லாம் முள். ஒன்றுக்குக் கோழி இறகு. அதன் இலையில் பூனைக்குட்டி போல மஞ்சள் மயிர். இன்னொன்றுக்குச் சிவப்பு வளையல் துண்டு. நீள இலை, முள் இல்லை, தடவினால் கன்றுக்குட்டிக் காது. சீலன் சொன்ன அடையாளப்படி இந்த வளையல்காரிதான் பெரிய நீலப் பூ பூப்பவள்.

இன்று உறைபனி விழும் என்று ஊரே தேயிலையைத் தழை போட்டு மூடுகிறது. நான் செடிமேல் போட்டிருந்த சாக்கை எடுத்துவிட்டேன். பக்கத்துக் கேரட் தோட்டத்துப் பெள்ளி கவுடர் வேலியில் கை வைத்து நின்று பார்த்தார்.

"செவந்தா, புத்தி கெட்டுப்போச்சா? விடிஞ்சா கருகிக் கெடக்கும்."

"இது பனி தின்னு வளர்ற சாதி, கவுடரே. உங்க கேரட்டு மாதிரி கம்பளி கேக்காது."

"கருகினா என்ன பந்தயம்?"

"என் மீசையை எடுக்கிறேன். கருகாட்டி உங்க எரு ஒரு மூட்டை."

மார்கழி 5

எரு வந்து இறங்கியது.

தை 1

பொங்கல். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. வெல்லம் கூடிப்போயிற்று என்று சொன்னேன்.

"இது வெண்பொங்கல் மாமா. வெல்லமே போடலை" என்றாள் தமயந்தி.

இதை எதற்கு எழுதுகிறாய், செடியைப் பற்றி எழுது என்றேன். மூன்று செடியும் இலையைச் சுருட்டிக்கொண்டு தூங்குகின்றன. பனிக்காலத்தில் அப்படித்தான்.

தை 16

செடிக்குப் பூவாளி வாங்க ஊட்டிக்குப் போனோம். போன இடத்தில் டாக்டரையும் பார்த்தோம். பார்த்ததை எழுத வேண்டாம் என்றேன். சீலன் படிக்கப்போகிற நோட்டு இது. பனியில் துப்பாக்கியோடு நிற்கிறவனுக்கு என் வயிற்றுக் கதை எதற்கு?

எழுதியதைப் படித்துக் காட்டு என்றேன். படித்தாள். "என் வயிற்றுக் கதை எதற்கு" என்பது வரை இருக்கிறது. அதை அடி என்றேன். அடித்துவிட்டதாகச் சொல்கிறாள். அடித்தாளோ இல்லையோ, எனக்கு எப்படித் தெரியும்.

தை 28

கோயம்புத்தூருக்கு வா என்கிறார்கள். தள்ளிப்போடக் கூடாதாம்.

என் வீட்டுக்காரி முனியம்மாள் அங்கேதான் போனாள். போகும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனாள். குன்னூர் தாண்டியதும் காது அடைக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். வரும்போது படுத்துக்கொண்டு வந்தாள். மலை ஏறுகிற வழியில் பர்லியாற்றில் வண்டி சூடேறி நின்றது. சாலை ஓரம் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. அவளுக்குப் பலாப்பழம் என்றால் உயிர். அவள் எழுந்து கேட்கவில்லை.

கீழே போனவர்கள் போனவர்கள்தான். நான் மலையில் இருந்துகொள்கிறேன். பூ பூக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று தமயந்தியிடம் சொல்லிவிட்டேன்.

மாசி 7

வளையல்காரி கண் திறந்தாள். நடுவில் ஒரு பச்சைக் குருத்து, சுருட்டிய வெற்றிலை போல. தமயந்தி அங்கன்வாடியிலிருந்து வந்ததும் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் போனை நோண்டிவிட்டு ஒரு செய்தி சொன்னாள்.

"மாமா, இந்தச் சாதிக்கு முதல்ல வர்ற மொட்டைக் கிள்ளிடணுமாம். கிள்ளினா அடியில பக்கக் குருத்து கட்டும். அப்புறம் வருசா வருசம் பூக்கும். விட்டா, பெரும்பாலும் ஒரு தடவை பூத்துட்டுச் செத்துடுமாம்."

"கிள்ளுறதுக்கா ரெண்டு வருசம் காத்தேன்?"

"அடுத்த வருசம் நாலு பூ வருமே."

"அடுத்த வருசத்தை யார் கண்டா? வர்ற பூ வரட்டும். பாத்துட்டா சரி."

இப்போது இதைச் சொல்லும்போது பேனா நின்றுவிட்டது. எழுது என்றேன்.

மாசி 20

விடியக் காலையில் காட்டெருமை வந்தது. முள்செடியின் மேல் கால் வைத்து நின்று, துவைக்கிற கல்லை நக்கிக்கொண்டிருந்தது. சோப்பு ருசி போல. முள்ளாவது மண்ணாவது, அந்தக் குளம்புக்கு எல்லாம் ஒன்று. தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு ஓடை வரை விரட்டினேன். திரும்பும்போது பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். காற்று நன்றாக இருந்தது, அதனால் உட்கார்ந்தேன்.

மிச்சம் இரண்டு.

பங்குனி 8

இறகுக்காரி பூத்துவிட்டாள். மஞ்சள்.

லயமே வந்து பார்த்தது. முதல் வீட்டுப் பூவாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இதைப் பாக்கவா ரெண்டு வருசம்? எங்க பூசணிக்கொடியில தினம் பூக்குதே" என்றாள்.

"உன் பூசணி மார்கழியில நின்னுச்சா பூவாயி? முதல் பனியிலயே மூஞ்சி கறுத்துடுச்சே."

"பட்டாளத்தான் அப்பனுக்கே அல்வா குடுத்துட்டான்" என்று கவுடர் சிரித்தார்.

"நீலம் இதில்லைன்னு முன்னாடியே சொன்னேன். இது அவளோட தங்கச்சி. அக்கா இன்னும் வெளியே வரலை. வரும்போது கூப்பிடுறேன், இதே வாயோட வாங்க."

சிரிக்கட்டும். நான் அந்தப் பூவின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை அகலம். இதழ் அவ்வளவு மெல்லிசு, பின்னால் விரல் வைத்தால் நகம் தெரிகிறது.

பங்குனி 25

மஞ்சள் பூத்தது, காய்த்தது, காய்ந்தது. தண்டைப் பிடித்தேன், வேரோடு கையில் வந்துவிட்டது. எடையே இல்லை. விதையைத் தட்டி அதே காலுறையில் போட்டேன்.

பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட்டேன். பழைய தோல், இளகிவிட்டது.

சித்திரை 3

மொட்டு.

வளையல்காரியின் தண்டு உச்சியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறது. புளியங்கொட்டை அளவு. மேலெல்லாம் பூனைமயிர். வாத்து கழுத்தை வளைத்துத் தூங்குவது போல.

வெயில் ஏறுகிறது. இந்தச் செடிக்கு வெயில்தான் எமன். சாக்கை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டேன். ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து வந்தேன். ("அரைக் குடம்" என்று தமயந்தி திருத்துகிறாள். அரைக் குடம்தான்.) கவுடர் நாற்றங்காலுக்கு வைத்திருந்த பச்சை வலையைக் கேட்காமலே கொண்டுவந்து கட்டினார். பந்தயம் எதுவும் பேசவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

சித்திரை 8

திடீரென்று எல்லோருக்கும் என்மேல் பாசம். பூவாயி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். கடைசி வீட்டுக்காரர்கள் அதிரசம். கவுடர் வீட்டிலிருந்து தேன். எவன் வந்தாலும், "உங்களுக்கு எது பிடிக்கும், சொல்லுங்க" என்கிறான். போன வருசம் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு என்னோடு சண்டை போட்ட சனம் இது. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன். ருசிக்கு ஒரு விரல் தொட்டேன்.

சித்திரை 12

இன்றைக்குத்தான் விளங்கியது.

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மண்சுவருக்கு இந்தப் பக்கம் செடிக்கு இலைமக்கு அள்ளிக்கொண்டிருந்தேன். பூவாயியின் குரல்.

"பாவம் மனுசன். அந்தப் பூவைக் கண்ணால பாத்துட்டார்னா நிம்மதியாப் போயிடுவார். அந்த ஆசைதான் உசிரை இழுத்துப் புடிச்சு வச்சிருக்கு."

"வலி இல்லாமப் போகணும். சீக்கிரம் பூக்கட்டும் மாரியாத்தா" என்று இன்னொருத்தி கும்பிட்டாள்.

கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபம். கெட்ட மனசாக இருந்தால் இலைமக்கைத் தலையில் கொட்டியிருப்பேன்.

எனக்கு இது புதிது இல்லை. சிலோன் தோட்டத்தில் என் பெரியப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒரு மாசமாக இழுத்துக்கொண்டிருந்தது. மண்ணாசை என்றார்கள். எங்கள் பூர்வீகமான துறையூர்ப் பக்கத்து மண்ணைக் கரைத்து ஊற்றினால் ஆசை அடங்கும், ஆசை அடங்கினால் உயிர் அடங்கும். துறையூர் மண்ணுக்குச் சிலோனில் எங்கே போவது? தேயிலைக் காட்டில் ஒரு பிடி சுரண்டிக் கரைத்தார்கள். டம்ளரைப் பிடிக்க என்னை நிறுத்தினார்கள். "அண்ணே, ஊரு மண்ணு வந்திருக்கு" என்று என் அப்பா காதில் சொன்னார். பெரியப்பா கண்ணைத் திறந்தார். நாக்கை நீட்டி நக்கினார். முகம் மலர்ந்துபோயிற்று. பொழுது சாய்வதற்குள் முடிந்தது.

எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். எனக்கு அந்த முகம்தான் ஞாபகம். ஆசை இருந்தவரை அந்த மனுசன் ஒரு மாசம் எமனோடு மல்லுக்கட்டினார். கரைத்து ஊற்றியதும் கையை விட்டுவிட்டார்.

இந்தப் பூ எனக்குக் கரைத்து வைத்த டம்ளர். வலை கட்டி, சாக்கு நனைத்து, குழம்பு ஊற்றி, லயமே சேர்ந்து கரைக்கிறது.

சித்திரை 16

நடுவில் எழுத்து இல்லை. எழுதுகிறவள் வேலைநிறுத்தம்.

குழாயடிக்குச் செய்தி போனது எப்படி என்று அவளைக் கேட்டேன். "நான்தான் சொன்னேன்" என்றாள். "குடத்தை வச்சிட்டு நின்னு அழுதேன். ஏன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"யாரைக் கேட்டு நீங்க சாகப்போறீங்க?"

இப்படி அவள் என்னிடம் பேசியதே இல்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"இனிமே நான் எழுத மாட்டேன் மாமா. அவர் வந்து இதை எடுத்துப் படிப்பாரு. மஞ்சப் பூ, எருமை, எருவு, எல்லாம் இருக்கும். நீங்க இருக்க மாட்டீங்க. அப்ப நான் அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அத்தை கீழ போய் வரலை, சரி. அத்தையைக் கூட்டிட்டுப் போனதே கடைசி நேரத்துல. நீங்க அதைச் சொல்றதில்லை. பலாப்பழ வாசத்தை மட்டும் சொல்றீங்க."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மொட்டைப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவு பருத்திருந்தது. அது பூத்தால் சாகும். பூக்கட்டும் என்று சொன்னவன் நான். யாருடைய சாவை யார் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம் என்று அந்தச் செடிக்குத் தெரியுமா?

மூன்று நாள் முறைத்துக்கொண்டு இருந்தோம். இன்று நானே போய், "எழுது, எல்லாத்தையும் எழுது. நீ பேசினதையும் சேர்த்து எழுது" என்றேன். இதோ எழுதியிருக்கிறாள். படித்துக் காட்டினாள். ஒரு சொல் அடிக்கச் சொல்லவில்லை.

என் வயிற்றில் கட்டி. வெட்டி எடுக்க வேண்டும். அதையும் எழுதிக்கொள்.

சித்திரை 18

மொட்டின் பச்சைத் தோல் ஓரத்தில் பிளந்துவிட்டது. உள்ளே பார்க்க நான் குனியவில்லை. "மதியத்துக்குள்ள விரியும்" என்று கவுடர் ஊரைக் கூட்டிவிட்டார். பிளாஸ்க்கில் டீ வந்தது. எனக்கு நாற்காலி போட்டார்கள், பூவுக்கு நேர் எதிரில், கல்யாண மாப்பிள்ளை போல. பூவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கு அழற பூவாயி?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க பாருங்க. கண்ணு நெறையப் பாருங்க."

"பாத்துட்டு?"

டீ ஊற்றுகிற சத்தம் நின்றது.

"பூவாயி, ஆசை அடங்கினாத்தானே உசிரு அடங்கும்?"

"அப்படித்தான் பெரியவங்க சொல்லுவாங்க."

"அடங்காட்டி?"

நாற்காலியை விட்டு எழுந்தேன். போய்க் குனிந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். தண்டைக் கையால் தடவிக் கழுத்தைக் கண்டுபிடித்தேன், கட்டைவிரல் நகத்தைக் கொடுத்தேன், கிள்ளினேன். கொழுந்து கிள்ளுகிற சத்தம்தான். சின்ன வயசிலிருந்து கேட்கிற சத்தம்.

பூவாயி நெஞ்சில் கை வைத்துவிட்டாள். கவுடர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அடப் பாவி. ரெண்டு வருசம்யா. ஒரு மூட்டை எருவு என்னுது."

"எருவு எங்கயும் போகலை, கவுடரே. வேர்ல இருக்கு. அடுத்த வருசம் நாலு பூவா வாங்கிக்கங்க."

"அடுத்த வருசம் நீ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க. நான்?"

"நீ மாறவே மாட்ட."

கீழே விழுந்த மொட்டை அவர் எடுத்தார். மனுசனுக்கு மனசு கேட்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டி நின்று நகத்தால் தோலை உரித்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதற்கும் வாய் மூடாத ஆள். பிறகு, "செவந்தா, இது என்ன நெறம்னா..." என்றார்.

"சொல்லாதீங்க."

"இல்ல, இந்த மாதிரி ஒரு..."

"சொன்னீங்கன்னா வேலியைத் தாண்டி வரக்கூடாது. மூடுங்க கையை."

மூடிக்கொண்டார். தமயந்தியும் எட்டிப் பார்க்கவில்லை. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கை நடுங்கியது. வெயிலில் நின்றதால் என்று எழுதச் சொன்னேன். எழுத மாட்டேன் என்கிறாள். சரி, பயத்தால்.

சித்திரை 21

நாளைக்குக் காலை முதல் பஸ். ஜன்னல் ஓரம் எனக்கு. குன்னூர் தாண்டியதும் காது அடைக்கும், தெரியும்.

சீலனுக்கு எப்படியோ ஆள் பிடித்துச் செய்தி போய்விட்டது. ரயில் ஏறிவிட்டான். நேரே கோயம்புத்தூர் வருகிறான். இந்த நோட்டைத் தமயந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவாள். வெளியே உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நீ படிக்கலாம், சீலா. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். நீ அந்தப் பூவை மலையில் பார்த்தவன். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததும் பாசத்தில் அதன் நிறத்தை மட்டும் சொல்லிவிடாதே. அந்தப் பாக்கி அப்படியே இருக்கட்டும்.

சாயங்காலம் வளையல்காரியைப் பார்த்தேன். கிள்ளிய இடம் காய்ந்துவிட்டது. அடியில், மண்ணோடு ஒட்டினாற்போல், ஒரு பச்சைப் புள்ளி. குருத்தா, ஒட்டிய பாசியா என்று தெரியவில்லை. கையால் தொடவில்லை. குருத்துதான்.

கவுடருக்கு நான் சொல்லி, தமயந்தி எழுதி, வேலியில் கட்டிய குறிப்பு: வெயில் காலத்தில் சாக்கைக் காலையும் மாலையும் நனைக்கவும். ஆனியில் மழை பிடித்ததும் வலையை எடுத்துவிட்டு, வேரில் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் கீறவும். நத்தையைக் கையால் பொறுக்கவும், உப்பு போட வேண்டாம். ஐப்பசியில் ஒரு கூடை எரு, உங்களுடையது.

"மார்கழிக்கு என்ன எழுதட்டும் மாமா?" என்று தமயந்தி கேட்டாள்.

மார்கழிக்கு எழுதாதே என்றேன். உறைபனி அன்று சாக்கை நானே எடுப்பேன்.